மாலை போடாத படம்

என் வேணிக்கா,

போன வாரம் உன் வருஷத் திதி முடிந்தது. அன்று வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு உன் ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தோம். வேறு என்ன செய்வது? ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை எத்தனையோ வீட்டு மஞ்சள் நீராட்டையும் வளைகாப்பையும் எடுத்தவள் நீ. உன்னை எடுக்க மட்டும் ஒருவரையும் விட்டதில்லை. செல்போனைத் தூக்கினால் உள்ளங்கையை நீட்டி மறைத்துக்கொள்வாய். என் போனில் இருப்பதெல்லாம் உன் உள்ளங்கைகளும், கடைசி மாதத்து ஆஸ்பத்திரிப் படங்களும்தான்.

அம்மா அந்தச் சட்டம் போட்ட படத்தை ஒரே ஒரு முறை பார்த்தாள். "இன்னாடி இது? திருட்டு கேஸ்ல புட்ச்சாந்து நிக்க வச்ச மாதிரி முழிச்சினுகீறா. இது எம் பொண்ணு இல்ல." சொந்தக்காரர்கள் கிளம்பியதும் உன்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அதன் முன்னால் விளக்கேற்றவே இல்லை. நான் திருவொற்றியூர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதே பேச்சு. "ஊரான் வூட்டு போட்டோவெல்லாம் அந்த மிஷின்ல போட்டு பளபளன்னு எட்த்துத் தர்ற. உங்கக்கா மூஞ்சி ஒண்ணு எட்த்துத் தர துப்பில்ல. திதிக்குள்ள எனுக்கு அவ வோணும்."

அந்த மிஷின் உனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஆப்செட் அச்சுக் கடையை மூடியபோது வாங்கி வந்த பழைய டிரம் ஸ்கேனர். "அம்மிக்கல்லு வாங்கியாந்துகீறா பாரு எந்தங்கச்சி" என்று தெருவுக்கே சொன்னாயே. இப்போது அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பழைய ஸ்டூடியோக்காரர்கள் மூட்டையாக நெகட்டிவ் கொண்டுவருகிறார்கள். கண்ணாடி போன்ற உருளையில் எண்ணெய் தடவி, பிலிமைக் குமிழி விழாமல் ஒட்டி, மேலே மெல்லிய கண்ணாடித் தாளைச் சுற்றிச் சுழலவிட வேண்டும். ஓர் ஒளிப்புள்ளி கோடு கோடாகப் படித்துத் திரையில் கொண்டுவரும். வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் தரை அதிர்ந்து படத்தில் அலை விழுந்துவிடும். ஆகவே லாரி குறைகிற ஞாயிற்றுக்கிழமைகளில் உன் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

உப்புக் காற்றில் பாதி பிலிம் பூஞ்சை பூத்துக் கெட்டுப்போயிருந்தது. மீதியில் எத்தனை பெண்பிள்ளைகள், அக்கா! நீ போகஸ் செய்துவிட்டு, முகத்தைக் கேமராவிலிருந்து விலக்கி, அவர்களை ஏதாவது கிண்டல் செய்து, சிரிப்பு வந்த நொடியில் பொத்தானை அமுக்குவாய். அந்தப் பழக்கம் என்ன செய்திருக்கிறது தெரியுமா? ஒருத்திகூட நேராகப் பார்க்கவில்லை. எல்லோரும் எனக்கு ஒரு சாண் தள்ளி, என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். படத்துக்குப் படம் அதே இடம். நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் கண்மணிக்குள்ளாவது இருப்பாயோ என்று பெரிதாக்கினேன். பிளாஷ் வெளிச்சம் புள்ளியாக இருந்தது. நீ இல்லை.

பெட்டியின் அடியில், கெட்டுப்போன துண்டுகளைப் போட்டு வைத்த கவர் ஒன்று கிடந்தது. அதில் என்னுடைய சடங்கும் இருந்தது. நீ கேமரா பிடிக்க ஆரம்பித்த புதிது. பூ வைத்துத் தைத்த ஜடையும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும் என்று என்னைப் பீரோக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாய். அதை எடுக்கிறவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றுதான் எடுப்பார்கள். நீ நேராக நின்றுவிட்டாய். "போச்சுடி, கண்ணாடில பிளாஷ் அட்ச்சிடுச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். பிறகு தள்ளி நின்று எடுத்ததுதான் ஆல்பத்தில் இருக்கிறது. முதலில் எடுத்தது பிரிண்ட்டில் வெறும் வெள்ளைத் திட்டாக வந்தது.

அந்த வெள்ளை, நெகட்டிவில் கெட்டிக் கறுப்பு. சாதாரண ஸ்கேனருக்கு அதைத் தாண்டிப் பார்க்க முடியாது. என்னுடையது அதற்குள்ளும் வெளிச்சத்தைச் செலுத்தும். ஜடை வந்தது. என் தோள் வந்தது. பீரோவின் விளிம்பு வந்தது. பிறகு, அந்தப் பிளாஷ் வெடிப்புக்குப் பக்கத்தில், என் தலைக்கு மேலே, கோடு கோடாக நீ வந்தாய். கேமராவை விலக்கிய முகம். வாய் பாதி திறந்திருந்தது. "மொறைக்காதடி குள்ளச்சி, மாப்ள பயந்து ஓடிடுவான்" என்ற பேச்சின் நடுவில் இருந்தாய்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, அக்கா. பயம். இத்தனை வருஷமும் அந்தக் கறுப்புக்குள் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டா இருந்தாய்?

அம்மாவிடம் பிரிண்ட்டைக் கொடுத்தேன். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "ஐயே, இன்னாமா சிரிக்கிறா பாரு கேப்மாரி. மூக்குத்தி இந்தாண்ட மாறிக்கீதே?"

"கண்ணாடிக்குள்ள இருக்குதும்மா. அக்கா தன்னை இப்படித்தான் பாத்துக்கும்."

விரல் கீழே இறங்கியது. "இது யாரு? நீயா? உன்ன எடுத்துடு. உசுரோட கீறவள மாலை போட்ற படத்துல வெப்பாங்களா?"

சரி என்றுதான் எடுத்துவந்தேன். என் தலை உன் கழுத்தை மறைத்துக்கொண்டிருந்ததால் வெட்ட முடியவில்லை. கம்ப்யூட்டரில் என்னை அழித்தேன். பூவை, தோளை, முறைத்த முகத்தை. அழித்த இடத்தில் சுவரை வைத்து நிரப்பினேன். முடித்துவிட்டுப் பார்த்தால், காலி அறையில் நின்று யாருமில்லாத இடத்தைப் பார்த்து ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அது நீதான். ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. உனக்குப் பைத்தியம் பிடித்தது போலிருந்தது. நான் செத்து நீ தனியாக இருப்பது போலவும் இருந்தது.

அம்மாவாலும் முடியவில்லை. "வேணாம்டி. பேய் புட்ச்ச மாதிரி கீறா. எட்த்துனு போ."

"அப்ப என்னம்மா செய்யறது? நான் இல்லாம அக்கா யாரைப் பாத்துச் சிரிக்கும்?"

அம்மா இரண்டு படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

திதியன்று வாங்கிவந்த கதம்ப மாலையை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, "விளக்குக்குப் போடு" என்றாள். அவளே ஸ்டூலில் ஏறி, நாம் இருவரும் இருக்கும் படத்தைப் பீரோ பக்கத்தில் மாட்டினாள். மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. காசிமேட்டு அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா அண்ணி, செத்தவளுக்கு ஒரு பூகூட வெக்காம உட்டுட்ட?"

"எம் பொண்ணு போட்டோ புட்ச்சினுகீறா," என்றாள் அம்மா. "மாலை போட்டா கேமராவ மறைக்கும். நீ சாப்பிட வா."

அத்தை இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். அம்மா அழவில்லை, அக்கா. அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஊருக்கு உன்னைச் செத்தவளாகக் காட்ட ஒரு படமும் இப்போது எங்கள் சுவரில் இல்லை. அது சரியா என்று தெரியவில்லை. அந்தப் பக்கமாகப் போகும்போது உன் கண் என் உச்சந்தலையில் விழுவதுபோல் இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது. உனக்கு மாலை வேண்டுமா? வேண்டுமென்றால் எப்படிச் சொல்வாய்?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நான் இருக்கும்வரை அந்தப் படத்தில் பூ ஏறாது. நானும் வந்த பிறகு, இருக்கிறவர்கள் நம் இருவருக்கும் சேர்த்து ஒரே மாலையாகப் போட்டுக்கொள்ளட்டும். அதுவரை நீ பேசிக்கொண்டிரு.

நீ பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை,
சுதா