படம் வெளிவரும் வரை

2024 பெப்ரவரி 6

இன்று கையெழுத்துப் போட்டேன். எட்டுப் பக்க ஒப்பந்தம். சாரம் ஒரே வரிதான்: படம் வெளிவரும் வரை இதில் எனக்கு வேலை இருப்பதாக எவரிடமும் சொல்லக் கூடாது. "மனைவி, பிள்ளைகள் உட்பட" என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். மீறினால் என் பெயர் நீக்கப்படும்.

பெயர். அதற்காகத்தானே போட்டேன்.

சென்னைக் கம்பனி. கோடிக்கணக்கில் செலவழித்து, மாத்தளைக்கு மேலே எல்கடுவவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எடுக்கிறார்கள். ஐம்பதுகளில் நடக்கும் கதை. பெரிய நட்சத்திரம் ஒருவர் வயதான கங்காணியாக வருகிறார். அவர்கள் எழுதிய வசனத்தை நம் ஆட்களின் பேச்சாக மாற்றிக் கொடுப்பது என் வேலை. பதிலுக்குத் திரையில் ஒரு வரி: "மலையக வழக்கு — சூ. இராயப்பன்."

ஐம்பத்துநாலு வயதில் என் பெயர் எங்காவது வரப்போவது இதுதான் முதல் தடவை. வந்திருக்க வேண்டியது பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால். தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்து மூன்று கொப்பிகளில் நான் எழுதியெடுத்த பாட்டுகளை, "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிப்போன பொன்னையா தன் பெயரில் புத்தகமாகப் போட்டான். நன்றியுரையில் "மற்றும் நண்பர்கள்". அந்த "மற்றும்" நான்.

பெப்ரவரி 9

படிப்பிக்கும் பாடசாலைக்கு முதுகுவலி என்று லீவு எழுதிக் கொடுத்தேன். வீட்டில் ஜெனிஸ்டாவிடம், மேலே தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு டியூஷன் என்றேன்.

"முதுகுவலிக்காரரு தெனமும் மலை ஏறுறாரு. அப்பிடி என்ன பிள்ளை அது, விடியக்காத்தால அஞ்சரைக்குப் படிக்குது?"

இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அவள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பது இப்போதுதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்டவன்.

பெப்ரவரி 15

உள்ளே வரும் எல்லாருடைய போனையும் வாங்கி, கமெராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். நட்சத்திரத்தின் தோற்றம் வெளியே தெரியக் கூடாதாம். முன்பக்கம் மழித்த தலை, காதில் கடுக்கன். நடக்கும்போது இரண்டு பக்கமும் குடை பிடித்து மறைக்கிறார்கள்.

விளம்பரத்துக்குப் பொறுப்பானவன் நிரஞ்சன். முப்பது வயது இருக்கும். எனக்குப் பாடம் எடுத்தான்: "சொல்லாம வைக்கிறதுதான் சார் பெரிய விளம்பரம். ஜனங்க தவிக்கணும். நல்லாத் தவிக்க விட்டு, ட்ரெய்லர்ல காட்டணும்."

என்னைப் பத்தொன்பது வருடமாக மறைத்து வைத்திருக்கிறார்கள், யாரும் தவிக்கக் காணோமே என்று கேட்க நினைத்தேன்.

இன்று திருத்தியதில் ஒன்று: "தேயிலை பறிக்கச் செல்கிறேன்" என்றிருந்ததை "கொழுந்தெடுக்க மலைக்குப் போறேன்" என்று மாற்றினேன். "மலைக்கா? எந்த மலைக்கு?" என்றார் இயக்குநர். தோட்டத்தில் வேலை செய்யும் இடம் எல்லாமே மலைதான் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம்.

பெப்ரவரி 21

முட்டாள்கள்.

லயத்திலிருந்து கொழுந்து மலைக்குப் போகும் வழியில் முனியாண்டி கோவில் செட் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு அடிச் சிலை, பைபர். அதுவரை சரி. இன்று காலை, பெண்கள் கூடையோடு வேலைக்குப் போகும் நேரம் பார்த்து, ஒருவர் ஏணியில் ஏறிச் சிலைக்குக் கண் எழுதினார்.

பெண்கள் நின்றுவிட்டார்கள். முதலில் கமலாட்சி செருப்பைக் கழற்றினாள். பிறகு எல்லாரும். அவளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் அம்மாவும் அவள் அம்மாவும் ஒரே லயம். கூப்பிட்டு, இது வெறும் செட், படம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள் என்றேன்.

"எதுல செஞ்சா என்ன சேர்? கண்ணத் தெறந்துட்டாங்கல்ல. கண்ணு தெறந்த சாமிய பாக்காத மாதிரி போக முடியுமா? நீங்க வேதக்காரரு, உங்களுக்கு வெளங்காது."

பெப்ரவரி 26

மழை. படப்பிடிப்பு இல்லை. போய்த் திரும்பியதில் மூன்று அட்டைக்கடி. சிலையின் காலடியில் ஏழு எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த கறுப்பு. செட்டுக்குக் காவல் நிற்பவனே விபூதி பூசியிருக்கிறான்.

மார்ச் 2

பொன்னையா வந்தான். இங்கேயே வந்தான்!

பழைய லயத்துப் போட்டோக்கள் அவனிடம் இருக்கின்றனவாம், செட் போடுகிறவர்கள் கேட்டார்களாம். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, நூலாசிரியர் — இயக்குநர் எழுந்து நின்று கைகொடுத்தார். எனக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. அவன் போனில் ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. விருந்தாளியாம்.

என்னைக் கண்டதும், "அடடே, இராயப்பன்! நீங்களும் இங்கயா?"

நீங்களும்.

என்ன வேலை என்று சொல்ல வாய்வரை வந்தது. வெளியாளிடம் சொல்லக் கூடாதே. "சும்மா பாக்க வந்தேன்" என்றேன். அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான். சும்மா வந்தவனாம் நான்!

மார்ச் 9

நட்சத்திரத்தின் மழித்த தலை உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு படம். நடுவில் முனியாண்டி, எலுமிச்சை மாலையோடு. இடப்பக்கம் பீடியும் கையுமாக அவர். எங்கே பார்த்தாலும் அதுதான்.

பின்னேரம் கமலாட்சி மாத்தளைக்கே இறங்கி வந்துவிட்டாள். விடியக்காலை வேலைக்குப் போகிற வழியில் எடுத்தாளாம். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் தினுஷா கும்பிடட்டும் என்று அனுப்பியிருக்கிறாள். மகள் அதை பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். விஷயம் தெரிந்து அழித்துவிட்டாளாம், ஆனால் அதற்குள் ஊர்ப்பட்ட பேர் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

"நான் சாமியத்தான் எடுத்தேன் சேர். பக்கத்துல யாரோ ஒரு கெழவன் நின்னான். கொஞ்சம் தள்ளி நில்லுய்யான்னேன். நகரவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். யாராவது படம் பிடித்தால் வேலைப் பட்டியலில் பேர் வெட்டிவிடுவதாகத் தோட்டத்துத் தொரை, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டில் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருக்கிறார். "பேர வெட்டிட்டா லயத்தையும் விடச் சொல்லுவாங்க சேர். நான் எங்க போறது?"

எல்லாவற்றையும் ஜெனிஸ்டா கதவருகே நின்று கேட்டுவிட்டாள். "இதுதானா அந்த டியூஷன்?" என்றாள். பிறகு கமலாட்சிக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

மார்ச் 10

நிரஞ்சன் தனியாகக் கூப்பிட்டான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். முகமெல்லாம் பல்.

"நாப்பது லட்சம் பேர் பாத்துட்டாங்க சார்! புரொடியூசர் செம ஹேப்பி."

"அப்ப விட்டுருங்களேன்."

"எப்படி சார் விடுறது? ரகசியம்னு சொல்லிட்டு சும்மா இருந்தா நாங்களே விட்டோம்னு பேசுவாங்க. லீக் பண்ணவர் சிக்கிட்டார்னு போட்டா இன்னும் ரெண்டு நாள் ஓடும். கேஸ் எல்லாம் போட மாட்டோம். ஒரு பேரு வேணும், அவ்வளவுதான். நீங்க இந்த ஊரு ஆளு, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நாளைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா தொரைகிட்ட சொல்லி லயத்துல ஒவ்வொரு போனா வாங்கிப் பாக்கணும். அப்புறம்... உங்க ஸ்டிக்கர்கூட ஓரத்துல பிஞ்சிருக்குன்னு பசங்க சொல்றாங்க சார்."

சிரித்துக்கொண்டே சொன்னான். மீறினால் பெயர் நீக்கப்படும்.

மார்ச் 11

சொல்லிவிட்டேன்.

எனக்கு முன்னால் மூன்று பெயர்கள் இருந்தன. கமலாட்சி. நான். மூன்றாவது பெயர் பத்தொன்பது வருடமாக நாக்கிலேயே இருக்கிறது.

"ரெண்டாந் திகதி ஒருத்தர் போட்டோவெல்லாம் கொண்டு வந்தாரே. அவர் போன்ல ஸ்டிக்கர் ஒட்டினீங்களா?"

நிரஞ்சனிடம் அவ்வளவுதான் கேட்டேன். பொய் எதுவும் சொல்லவில்லை. கேள்விதானே கேட்டேன்.

கேள்வியா? யாருக்குடா சொல்றே இத, உனக்கா?

மார்ச் 13

பொன்னையாவின் முகம் எல்லார் போனிலும். "ரகசியத்தை உடைத்த இலங்கை எழுத்தாளர்." ஆசிரியர் அறையிலும் இதே பேச்சாம், நண்பர் ஒருவர் அனுப்பியிருக்கிறார்.

முதுகு வலிக்கிறது. உண்மையாகவே.

மார்ச் 16

அவன் ஒத்துக்கொண்டுவிட்டான்!

"ஆமா, நான்தான் எடுத்தேன். சாமியப் படம் எடுக்க யார்கிட்ட அனுமதி கேக்கணும்?" என்கிறான், யூடியூப்காரர்கள் முன்னால், வேட்டி கட்டி. எடுக்கவே இல்லையே அவன்! இதுவரை எட்டுப் பேட்டி. எட்டிலும் பாட்டுப் புத்தகம் கையில். புத்தகம் எங்கே வாங்கலாம் என்று இந்தியாவிலிருந்து கேட்கிறார்களாம். நான் அவனைக் குழியில் தள்ளினேன். அவன் மேடையில் போய் விழுந்திருக்கிறான்.

ஏன் ஒத்துக்கொண்டான்? புகழ்ப் பைத்தியம். வேறென்ன?

ஜெனிஸ்டா கேட்டாள்: "பாவம் அந்த மனுசன், எதுக்கோ சொல்றாரு. அவரு பேர யாரு குடுத்ததாம்?"

தெரியாது என்றேன்.

மார்ச் 30

செட்டைப் பிரித்தார்கள். சிலையைத் தொட வந்தபோது பெண்கள் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள், கமலாட்சி நடுவில். கடைசியில் தொரையே இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம். பன்னிரண்டு அடி பைபர். இரண்டு மழைக்குத் தாங்குமா?

ஒக்டோபர் 20

ட்ரெய்லர் வந்தது. மழித்த தலையைப் பார்த்து யாரும் வியக்கவில்லை. எல்லாரும் முனியாண்டி எங்கே என்று கேட்கிறார்கள்.

2025 ஜனவரி 11

மாத்தளையில் படம். ஜெனிஸ்டாவோடு போனேன். தோட்டத்திலிருந்து கமலாட்சியோடு ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். "கொழுந்தெடுக்க மலைக்குப் போறேன்" என்று வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "நம்மாள் மாதிரியே பேசுறான் பாருடி." யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டேன்.

முடிந்ததும் விளக்குப் போட்டுவிட்டார்கள். சனம் எழுந்து நின்று மறைக்கிறது. திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன — சமையல்காரர்கள், லைட் தூக்கியவர்கள், வாகனம் ஓட்டியவர்கள். நான் எழும்பவில்லை. கூட்டமெல்லாம் போனபின் என் வரி வந்தது. மூன்று விநாடி இருக்குமா? ஜெனிஸ்டா அப்போது பார்த்துக் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பின்வரிசையில் யாரோ சத்தமாக வாசித்தார்கள். "மலையக வழக்கு — சூ. இராயப்பன்."

பொன்னையா. அவனும் உட்கார்ந்திருந்தான்.

"முதல் எழுத்தும் சரியாப் போட்டிருக்காங்க" என்றான்.

வெளியே கடையில் மூன்று பிளேன்டீ சொன்னான். ஜெனிஸ்டா கமலாட்சியோடு பேசப் போய்விட்டாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"என் பேரச் சொன்னது நீங்கதான்னு நிரஞ்சன் அப்பவே சொல்லிட்டான்."

நான் கோப்பையைப் பார்த்தேன்.

"அதிகாரியா இருந்தவருன்னு கமலாட்சி மொதல்ல என்கிட்டதான் வந்து அழுதா. உள்ளுக்கு வேலை செய்றவரு இராயப்பன்தான், அவர்கிட்டப் போன்னு நான்தான் அனுப்பினேன். அன்னைக்கு நீங்க முழிச்ச முழியிலேயே எனக்கு வெளங்கிருச்சு. அவ பேரு வந்துறக் கூடாதுன்னுதானே என் பேரக் குடுத்தீங்க? எனக்குப் பென்ஷன் வருது, அவங்க என்னை என்ன செய்ய முடியும்? அதான் நானும் ஆமான்னுட்டேன். பெரிய காரியம் செஞ்சீங்க இராயப்பன்."

பாட்டுப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதிர்பார்த்தேனா? ஆமாம், எதிர்பார்த்தேன்.

அவள் பெயரைக் காப்பாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நேரம் அவள் முகம்கூட நினைவில் வரவில்லை.

படம் வெளிவந்துவிட்டது. ஒப்பந்தப்படி இனி எவரிடமும் எதையும் சொல்லலாம். பிளேன்டீ ஆறும் வரை கையிலேயே வைத்திருந்தேன். "சரி, ஆறுது, குடிங்க" என்றான்.

குடித்தேன்.