இல்லாத கிணறு

மார்ச் 14, வெள்ளி. ஸ்ரீரங்கம்.

குவாரி, ஃபேக்டரி வந்தால் ஊருக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று ஆய்வு செய்கிறவர்களுக்கு ஜங்ஷன் பக்கம் பயிற்சி நடக்கிறது. சமையல் நானும் என் மனைவி கமலாவும். இன்று அவர்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்ட ஒத்திகை. பாதிக்கப்பட்ட விவசாயியாக நடிக்க ஆள் வரவில்லை. என்னை விட்டால் யார்? கரண்டியை வைத்துவிட்டு மேடை ஏறினேன். மருங்காபுரியில் எனக்குப் பத்து ஏக்கர், வற்றாத கிணறு என்று அளந்துவிட்டேன். ஹாலே அழுதது.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்தியான தஸ்லிமாதான் கூட்டத்தை நடத்தினாள்; அவளுக்கு அதுதான் பரீட்சை. அந்தப் பெண் சட்டென்று திரும்பி, சாம்பார் வாளியோடு நின்ற கமலாவிடம், "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டது. மானம் போச்சு என்று நினைத்தேன்.

கமலா அசரவில்லை. "கிணத்தைப் பத்தி இவரு நல்லாப் பேசுவாருங்க. தண்ணி தூக்குறது நான்தான். என்னை யாரு கேட்டா?"

எனக்கு விழுந்ததைவிட அவளுக்குக் கைதட்டல் ஜாஸ்தி. பயிற்சி சார் தஸ்லிமாவிடம், "பெண்களையும் கேட்டீங்க பாருங்க, அதான் வேலை. பாஸ்!" என்றார். நான் வெட்டிய கிணறு இல்லாவிட்டால் பாஸாகியிருக்குமா?

ஆனால் கமலா சொன்னது நடிப்பு மாதிரி இல்லை. நம் வீட்டு மோட்டார் கெட்டதிலிருந்து மாடிக்குக் குடம் தூக்குவது அவள்தான். நாளைக் காலையில் இரண்டு குடம் நானே தூக்கிவிடுகிறேன். வெளியே இருபது என்று சொல்லிக்கொள்ளலாம்.