லிஃப்டில் தொங்கியபோது முடுக்கிய போல்ட்டுகள்

என் கோபத்துக்கும் பாசத்துக்கும் உரிய தம்பி செல்வராசுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உன்னை நினைத்து அழுதேன். சென்ற மாதம்தான் முதன்முறையாக உன்மேல் கடுங்கோபம் வந்தது. அது இன்னும் தணியவில்லை. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதற்கு நீ பொறுப்பல்ல. உன் காரின் அடியில் நீ விட்டுப்போனதற்கு நீதான் பொறுப்பு.

அந்தப் பிரேஸை நாம் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று நினைவிருக்கிறதா? வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் உடல் முறுக்கிக்கொள்ளாமலிருக்க, அடியில் குறுக்காகப் பூட்டும் ஒரு குழாய், அவ்வளவுதான். நீ மினுமினுக்கும் அலுமினியத்தைக் காட்டினாய். நடுவில் மூட்டு வைத்தது மூட்டிலேயே அசையும், ஒரே துண்டு எஃகுதான் வேண்டும் என்று நான் மூன்று வாரம் வாதாடினேன். கடைசியில், "அடியில கெடக்கறதுக்கு அழகு எதுக்குங்கண்ணா, நீங்க சொல்றதையே வாங்கிப்போடலாம்" என்றாய்.

பொருத்தும் முறையை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டில் இருக்கும்போது போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்ற வேண்டும். வண்டியை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் நின்று தன் எடையைத் தாங்கிய பிறகே கடைசி முடுக்கு. லிஃப்டில் தொங்கும் வண்டியின் உடல் சற்றே வளைந்திருக்கும். அப்போது முடுக்கினால் அந்த வளைவையே பூட்டி வைத்ததாகிவிடும். இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். அன்று எனக்குக் கம்பெனியில் ஆடிட். மாலையில் நீ போன் செய்து சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "நீங்க எழுதுன மாதிரியே செஞ்சுபோட்டோமுங்கண்ணா."

ஏன் பொய் சொன்னாய்?

உன் மகள் யாழினி இப்போது அந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பழகுகிறாள். இடது வளைவில் அடியில் ஏதோ நகர்கிறது என்று இரண்டு முறை என்னிடம் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வண்டி சரியாக இருக்கிறது, உன் கைதான் சரியில்லை, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கிறாய் என்றேன். பத்துப் பேர் முன்னால் சொன்னேன். மூன்றாம் முறை கார் இரண்டு சுற்றுச் சுழன்று, தளத்தின் ஓரத்து டயர் அடுக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் அம்மா சுமதி சாவியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நீ விட்டுப்போன வண்டியை இனி உன் மகள் தொடக்கூடாது என்றாகிவிட்டது.

மறுநாளே பிரேஸைக் கழற்றச் சொன்னேன். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் அரத்தால் ராவப்பட்டு நீள்வட்டமாக இருந்தன. போல்ட்டு அதற்குள் முன்னும் பின்னும் வழுக்கிய தடம் பளபளத்தது. மெக்கானிக் பழனிசாமி முதலில் மழுப்பினார், பிறகு சொல்லிவிட்டார்.

"உங்க தம்பியோட மாமனாரு அவிநாசியிலிருந்து தேங்கா பழத்தோட வந்துட்டாருங்க. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள முடுக்கோணும்னாருங்க. வண்டிய எறக்க நேரமில்லீங்க. ஓட்டை சேரல, ராவித்தான் ஏத்துனோம். பெரியவருகிட்ட எப்புடிச் சொல்றதுன்னு உங்க தம்பியே உட்டுட்டாருங்க."

ஆக, மாமனார் மனம் கோணக்கூடாது. அதற்காக நான்கு துளைகளைக் கெடுத்தாய். அண்ணன் மனமும் கோணக்கூடாது, அதற்காகப் பொய். எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, அதன் மேல் உன் மகளை உட்கார வைத்துவிட்டுப் போனாயே!

கெட்ட துளைகளுக்குப் புதுத் தகடு வெட்டிப் பற்றவைத்து, நேற்று, வெள்ளிக்கிழமை, புதிய பிரேஸ் பூட்டினோம். உன் மாமனார் நேற்றும் வந்திருந்தார், தேங்காய் பழத்தோடு. வண்டி இன்னும் மேலே தொங்குகிறது. அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கும் நாக்கு எழவில்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். யாழினிதான் சொன்னாள்.

"அப்புச்சி, வண்டி கீழ எறங்குனதுக்கப்பறந்தானுங்க முடுக்கோணும். பத்தரை தாண்டிப்போயிருமுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்புடியா கண்ணு? அப்பப் பன்னெண்டுக்கு மேல முடுக்கிக்கோங்க. எனக்கென்ன சோலி, ஒக்காந்திருக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போன தடவையே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று பழனிசாமியையும் கடிந்துகொண்டார்.

அவ்வளவுதான், செல்வராசு. ஒரே ஒரு வாக்கியம். யார் மனமும் நோகவில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்வேன்? நீ சொல்லியிருந்தால் அன்றும் அவர் இப்படித்தானே உட்கார்ந்திருப்பார்?

பன்னிரண்டு மணிக்கு மேல் அளவாக முடுக்கும் டார்க் ரெஞ்சை யாழினியிடமே கொடுத்தேன். நான்கு போல்ட்டையும் அவளே முடுக்கினாள். சுமதி சாவியைத் தந்துவிட்டாள். ஆனால் யாழினி என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. அது நியாயம். நீ என்னிடம் பொய் சொன்னாய். உன் பொய்யை நம்பி, உண்மையைச் சொன்ன பிள்ளையை நான் பொய்யாக்கினேன். துளைகளுக்குத் தகடு வைத்தாயிற்று, இதற்கு என்ன வைப்பது?

கோபம் தணியும் என்று உனக்கு வாக்குத் தரமாட்டேன். இதற்கு மட்டும் தருகிறேன்: நாளை, ஞாயிறு, அவள் தளத்தில் இறங்குவதற்கு முன், எந்தப் பத்துப் பேர் முன்னால் அவள் கையைக் குறை சொன்னேனோ, அவர்கள் முன்னாலேயே, "தப்பு என்னுதும்மா" என்று சொல்வேன். அவள் மன்னிப்பாளா என்பது அவள் இஷ்டம்.

உன்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கும்,
யாழினியின் பெரியப்பன்