தேயாத பூட்ஸும் ஒரு சிப்பி வில்லையும்

உன் பூட்ஸின் அடிப்பாகம் தேயவில்லை. அதைக் கண்ட நேரத்திலிருந்து எனக்கு உன்னில் சந்தேகம்.

ஒக்லாந்தில், உங்கள் பிளாட் புஷ் வீட்டில் உன் அம்மாதான் பூட்ஸைப் பையில் போட்டுத் தந்தார். "ஒனக்கு சைஸ் சரியா இருக்கும் பா, போட்டுக்க," என்றார். கூடவே உன் சிப்பி வில்லையும். நீ இறந்து ஓராண்டு நிறையும் ஜெபத்தில், நீ ஸ்பெயினில் புனித சந்தியாகப்பர் கல்லறை வரை யாத்திரையாக நடந்த கதையை நான் எழும்பிச் சொல்லவேண்டுமாம். சரியாகத் தெரியாத ஒன்றை நான் சொல்லமாட்டேன். அது உனக்குத் தெரியும்.

அந்த வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு, சான்ட்ரிங்ஹாம் தோசைக்கடையில் நீ எடுத்த வகுப்புகள் ஞாபகம் வருகின்றன. மத்தியகாலத்தில் யாத்திரை போனவர்கள் ஈயம் கலந்து வார்த்த மலிவு வில்லைகளைத் தொப்பியில் குத்திக்கொண்டு ஊர் திரும்புவார்களாம். சிலவற்றில் சின்னக் கண்ணாடி இருக்குமாம். கூட்டத்துக்கு மேலாகத் தூக்கிப் பிடித்து, புனிதப் பொருளின் ஒளியை அதில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். சிப்பி என்றால் சந்தியாகப்பரிடம் போய் வந்தவர் என்று அடையாளம்.

"கோடெல்லாம் கீழ ஒரே எடத்துல சேருது பாரு. எந்த ஊர்லேருந்து கெளம்புனாலும் ஒரே கல்லறதான்," என்றாய்.

"இது சிப்பிக்குத் தெரியுமோ?" என்றேன்.

"வாய மூடிட்டு சாப்புடு லா."

அந்தக் காலத்திலேயே, கல்லறை இருக்கும் சந்தியாகோ நகருக்கு வெளியே சிப்பி விற்கத் தடை இருந்தது என்றும் நீதான் சொன்னாய். தடை இருந்தால் கள்ளச் சிப்பியும் இருந்திருக்கும். நடக்காமலே குத்திக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். அன்று அதைச் சொல்லிச் சிரித்தோம்.

வேலையிடத்தில் உலோகக் கலவை பார்க்கும் எக்ஸ்கதிர்க் கருவியின் கீழ் வில்லையை வைத்தேன். ஈயம் இல்லை. வெள்ளீயமும் கொஞ்சம் ஆன்டிமனியும். இந்தக் காலத்துக் கலவை, புதுச் சாமான். பிறகுதான் உறைத்தது, சந்தியாகோவிலும் இன்று புதுசைத்தானே விற்பார்கள். ஒருவன் நடந்தானா என்று உலோகத்திடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பப் பிளாட் புஷ் போய் நேரே கேட்டேன். "அன்ரி, அவன் உண்மையா நடந்தவனோ?"

உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். "நடக்கல பா. அந்த வாரமெல்லாம் இங்க ஆஸ்பத்திரியிலதான் இருந்தான். மொத தடவ கேன்சர் மருந்து ஏத்துனாங்க. அந்த வில்லைய ஆன்லைன்ல வாங்கினான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டான்."

"எனக்குமோ?"

"ஒனக்குத்தான் மொதல்ல. ரிப்போர்ட்ட அனுப்பு, வேற டாக்டர பாருன்னு உயிர எடுப்பியாம்."

"பிறகு ஏன் என்னைக் கதைக்கச் சொன்னீங்கள்?"

"நானா சொல்ல முடியாதே. பூட்ஸ பாத்தா நீ கேப்பேன்னு தெரியும் பா."

ரிப்போர்ட்டைக் கேட்டிருப்பேன்தான். உயிரை எடுத்திருப்பேன்தான். அதற்காக ஸ்பெயின் வரை ஒரு பொய்யை நீட்டவேண்டுமா? அந்த வாரங்களில் காலநிலை எப்படி என்று மெசேஜ் போட்டேன். "மழை" என்றாய். ஒக்லாந்து மழையைத்தான் சொன்னாயோ?

ஜெபத்தில் உன் நடையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தோசைக்கடைச் சண்டைகளைச் சொன்னேன். உன் அம்மா சிரித்தார்.

சந்தேகம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது யாராவது கொஞ்ச நாள் ஊரில் இருக்கமாட்டேன் என்றால், எங்கே, ஏன் என்று கேட்பதில்லை. விமான நிலையத்தில் நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று அடம்பிடிக்கிறேன். அவர்கள் உள்ளே போய் மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்கிறேன்.