குட்டிக் கோடும் நீளக் கோடும்

2004 ஆகஸ்ட் 9, திங்கள்

காலையிலேயே அனல். அக்கா மகள் மலரை நம்ம பிரஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன். இங்கிலீஷ் புரூப் பார்க்கும் வேலை. "ஒரு தப்பு இவ கண்ணுக்குத் தப்பாது மொதலாளி. பரீட்சை திருத்துனவுகளையே திருத்துன பிள்ளை!" பாதி நிஜம். பி.ஏ. படித்தது முழு நிஜம்.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்றார்.

அக்காவிடமும் அதையே அளந்தேன். "போலே, ஒன் வாயும் நீயும்." அவள் வேலை பார்க்கும் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி வேனில், அடுத்த திங்களுக்கு மகளுக்கும் இடம் சொல்லிவிட்டாளாம். பி.ஏ. படித்த பிள்ளைக்கு வெடிமருந்து வேலையா? வடை இரண்டு.

12, வியாழன்

பம்பாய் ஆர்டர், பட்டாசுப் பெட்டி லேபிள். புரூப் முழுக்க மலரின் சிவப்பு மை. முதலாளி குதித்தார். "எல்லாம் கோடுதானே? புதுப் பிலிம் எடுக்க நேரம் எங்கன இருக்கு? சனிக்கிழமை மிஷின்ல ஏத்தணும்!"

தனியே கூட்டிப்போய், "விட்டுருத்தா. எந்தக் கோடு போட்டாலும் வெடி வெடிக்கும்" என்றேன்.

"வார்த்தையோட வார்த்தையச் சேக்கக் குட்டிக் கோடு மாமா. பத்துலருந்து பதினஞ்சு மீட்டர்னா அதவிட நீளம். மாத்தி மாத்திப் போட்டிருக்காக. தெரிஞ்சே எப்படி டிக் போட? ஒரு தப்பும் தப்பாதுன்னு நீங்கதான சொன்னீக?"

சொன்னேன்தான்.

13, வெள்ளி

தூறல். விளக்கு மேசையில் லேபிள் அச்சுக்கான பழைய பிலிம். நீளக் கோட்டைப் பிளேடால் சுரண்டிக் குட்டியாக்கினேன். குட்டி இருந்த இடத்தில் நீளத்தை நறுக்கி ஒட்டினேன். ஒவ்வொன்றும் எறும்பு மீசை. மலர் லென்ஸ் பிடித்தாள்.

"மூச்சு விடாதீக மாமா."

அரை நாள் விடவில்லை. அச்சு மிஷின் செய்கிற ஜப்பான்காரன் பார்த்திருந்தால் மிஷினை விற்றுவிட்டு ஊருக்குப் போயிருப்பான். மதியம் வெண்டைக்காய், ஆறிப்போனது.

14, சனி

முதலாளி பிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். "யாரக் கேட்டுலே புதுசு எடுத்த?"

"பழசுதான் மொதலாளி. பிள்ளை அளவு சொல்லுச்சு, நான் ஒட்டுனேன்." அதற்கு மேல் ஒன்றும் அளக்கவில்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மலரிடம், "திங்கக்கெழம வந்துரு தாயி."

டீக்கடையில், அவர் எழுந்து நின்று சொன்னதாகச் சொன்னேன்.

16, திங்கள்

வாங்க: பிளேடு, டேப், மலருக்கு டிபன் டப்பா.

வேன் ஹாரன். டிரைவர், "மக வரலையாக்கா? எடம் போட்டு வச்சிருக்கேன்."

அக்கா மட்டும் ஏறினாள். அந்த இடத்தில் தூக்குவாளியை வைத்தாள். வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி:

"அவ பிரஸ்ஸுக்குப் போறா. பரீட்சை திருத்துனவுகளையே திருத்துன பிள்ளைல்ல!"