நீ பூசி அழித்த வரிகள்

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் ஊர் முழுக்க நீயே சொல்லியிருப்பாய். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் தங்கை நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடி அந்த மணத்தை இழுத்து இழுத்து முகர்ந்திருக்கிறேன். கண்ணைத் திறந்தால் பெண் வீட்டார் ஆறேழு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதி வழுக்கை விழுந்த ஒருவன் இதற்கு என்ன சமாதானம் சொல்வது? "ரோணியோ ஸ்ரென்சிலிலை பிழை அழிக்கிற மருந்தும் இதே மணம்தான்" என்றேன். எல்லோரும் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

அந்த மருந்து உன் பத்து விரல்களிலும் காய்ந்து கிடந்தது எனக்கு மட்டும்தானே தெரியும்.

கொடிகாமத்தில் அந்தத் தட்டச்சு வகுப்புக் கொட்டிலில் நான் கணனி படிப்பித்தேன். மின்சாரம் இல்லாத ஊரில், மட்டையில் கீறிய விசைப்பலகையில் பிள்ளைகள் விரல் பழகினார்கள். அவர்களுக்கு நான் கடைசிவரை சொல்லாத இரகசியம், கணனி ஒன்று ஓடுவதை நானும் அதுவரை கண்டதில்லை என்பது. ஆனால் அதைப் பற்றி ஒரு நூல் மட்டும் எழுதி முடித்திருந்தேன். அப்படியொரு தமிழ்! ஒரு வசனம் தொடங்கினால் முற்றுப்புள்ளிக்குப் போவதற்குள் நடுவில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

பிறகு யாரோ கொழும்புக்குப் போகும்போது விட்டுச் சென்ற ஒரு கணனி வந்தது. அதற்குப் பின்னால், உன் ஜெனரேற்றரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நீயும் வந்தாய். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். தோட்டக்காரரின் நீர் இறைக்கும் பம்ப் திருத்துவது உன் தொழில். திருத்திய ஒவ்வொரு பம்பிலும் ஒரு மட்டைத் துண்டைக் கட்டிவிடுவாய். "ஓடாட்டி முதல் எண்ணெய் இருக்கோ பார். பிறகு பிளக்கைத் துடை. பிறகும் ஓடாட்டி என்னைக் கூப்பிடு." நான் அதை வாசித்துச் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் ஓட மட்டும்தான் மண்ணெண்ணெய். அந்த அரை மணித்தியாலத்தை அகதி முகாமில் பதிவு எழுதும் ரீச்சருக்குக் கொடுத்திருந்தோம். முகாமிலுள்ள குடும்பங்களின் பெயர்களை அவர் நான்கு நாளாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் முடிவில் பிளொப்பித் தட்டில் சேமித்தது நான். நாலாம் நாள், பழையதையெல்லாம் ஒழுங்குபடுத்தப் போகிறேன் என்று அந்தப் பிளொப்பியை வெறுமையாக்கி வைத்த மகானும் நான்தான். அன்றைக்குக் கணனியில் ஏற்றியிருந்த நான்கு நாள் பெயர்களும் திரையில் மட்டும் நின்றன. நான் வெளியே யாரோடோ ஊர்வம்பு கதைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ கத்தினாய்:

"எண்ணெய் முடியுது! ரீச்சர், கெதியா!"

நான் உள்ளே ஓடிவந்தபோது வயர் பிடுங்கியபடி கிடந்தது, திரை கறுத்துப் போயிருந்தது. என் நூல் ரீச்சரின் மடியில் திறந்து கிடந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நீ நூலை எடுத்து, உரத்து வாசித்தாய். "மின் இணைப்பினைத் துண்டிக்க முற்படுபவர், அதற்கு முன்னதாகத் தாம் இயற்றியவை யாவும் சேமிக்கப்பெற்றமையை உறுதிப்படுத்திக்கொள்ளல் இன்றியமையாததாகும்."

"மாஸ்டர்," என்றாய், "எண்ணெய் முடியேக்கை மனிசி எவ்வளவு தூரம் வாசிக்கும்? துண்டி எண்டதை முதல் சொல்லிப்போட்டு, சேமி எண்டதைப் பிறகு சொல்லுறாய். முதல் செய்யவேண்டியதை முதல் சொல்லடாப்பா."

அன்றைக்கே புத்தகத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினோம். ரோணியோவில் பிரதி எடுக்கும் மெழுகுத் தாளில் நான் தட்டுவேன், நீ வாசிப்பாய். உனக்கு விளங்காத வரியை என்னைக் கேட்காமலே சிவப்பு மருந்தால் பூசிவிடுவாய். அது காய்ந்த பிறகு அதன்மேல் நான் திரும்பத் தட்ட வேண்டும்.

"உதிலை என்னடா விளங்கேல்லை?"

"எனக்கு விளங்கேல்லை. அவ்வளவுதான். ஆருக்கு எழுதுறாய், உன்ரை கொப்பருக்கோ?"

"என்ரை கொப்பருக்கு இதைவிட நல்ல தமிழ் தெரியும்."

"அப்ப அவரைப் படிக்கச் சொல்லு."

இப்படியே ஏழு அத்தியாயம். மிச்சம் ஒன்று, கணனியின் நினைவகம் பற்றியது. அதை நான் மூன்று கிழமை செதுக்கியிருந்தேன். நீ வாசித்தாய். பிறகு ஒரு வரியல்ல, பக்கம் முழுக்கப் பூசினாய். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பம்ப் திருத்துறவனுக்கு இது விளங்கத் தேவையில்லை."

சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது மச்சான். சாப்பிடுகிறது, பகிடி விடுகிறது.

நீ துணியில் மண்ணெண்ணெய் தொட்டு விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாய். "ஓம் மாஸ்டர். பம்ப் திருத்துறவனுக்கு எண்டுதான் எழுதுறீங்கள் எண்டு நினைச்சன்," என்றாய். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை எனக்கு மரியாதை தந்தாய். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய்.

நாளைக்கு வருவாய் என்றிருந்தேன். நாளை மறுநாள் நானே போய்க் கூப்பிடுவோம் என்றிருந்தேன். மானம் பார்த்தேன். ஐந்தாம் நாள் காலை, நீ வெங்காயத் தோட்டமொன்றில் நின்றபோது ஷெல் விழுந்தது. நீ திருத்திய பம்ப் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்ததாம். அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னேரம் நான் போனபோது பாத்தியெல்லாம் நிரம்பி, தண்ணீர் வெளியே ஒழுங்கைப் பாதைவரை வந்திருந்தது. அந்தத் தண்ணீருக்குள்தான் நடந்து போனேன்.

அந்தப் பம்பிலும் மட்டை கட்டியிருந்தாய். வழமையான அதே மூன்று வரிதான்.

கடைசி அத்தியாயத்தை அதற்குப் பிறகு எழுதினேன். உனக்கு விளங்குமா என்று ஒவ்வொரு வரியையும் வெறும் கொட்டிலுக்கு வாசித்துக் காட்டினேன். "எழுதியதைச் சேமி. பிறகு நிறுத்து. சேமிக்காமல் நிறுத்தினால், எழுதியது போய்விடும். திரும்ப வராது." அதற்குமேல் அன்றைக்கு என்னால் தட்ட முடியவில்லை.

அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் இன்றுவரை வண்டி ஓட்டுகிறேன். எளிமையாக எழுதுவது பற்றிப் பேச என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். மாலை போடுகிறார்கள். நான் ரீச்சரின் கதையைச் சொல்லுவேன், ஒரு வசனம் நான்கு நாள் உழைப்பைத் தின்ற கதை. எல்லோரும் கை தட்டுவார்கள். உன்னிடம் கேட்காத மன்னிப்பை மட்டும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து எதை எழுதினாலும், ஒரு சிவப்பு விரல் எந்த வரியில் வந்து நிற்கும் என்று பார்க்கிறேன். இந்த மடலில் நீ எத்தனை வரியை மிச்சம் விட்டிருப்பாய்?

அந்தக் கலியாண வீட்டில் ரீச்சரும் இருந்தார். பெண்ணின் மாமி முறை. நான் நகப்பூச்சு மணந்த கூத்தைக் கேள்விப்பட்டு, சிரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். அந்த நாளைப் பற்றிக் கதைத்தோம்.

"இவ்வளவு காலமும் சொல்ல வெட்கமாக் கிடந்தது மாஸ்டர்," என்றார். "நான் உங்கடை புத்தகத்தை வாசிக்கவேயில்லை. அந்த ஜெனரேற்றர்க்காரர் கத்தின கத்திலை பயந்து வயரைப் பிடுங்கிப்போட்டன். புத்தகம் மடியிலை கிடந்தது விசிறுறதுக்கு."