ஒற்றை நட்சத்திரம் போட்டது நான்தான்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌகரியமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. எனக்குத்தான் முந்தாநாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன், தரை தேயுது, ஒரு இடத்துல உட்காருங்க என்று அவள் கத்துகிறாள். போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன், அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

நீ செய்த, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற போன் விளையாட்டுக்கு எவனோ விவரம் கெட்டவன் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டான் என்று முந்தாநாள் அம்மாவிடம் போனில் அழுதாயே. லிஃப்ட் சத்தத்துக்குக் காது கொடுக்கிற ஆட்களுக்காக மட்டுமே செய்தது, பத்தொன்பது பேர் நாலும் ஐந்துமாக ரசித்துப் போட்டது நாலரைக்குக் கீழே இறங்கிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் உன் கூட்டாளிப் பெண் சொல்கிறபடி லிஃப்ட் அறுந்து விழ, ஆட்கள் அலற, ஊருக்கெல்லாம் பிடித்த மாதிரி மாற்ற வேண்டியதுதான் என்றாய். அந்த விவரம் கெட்டவன் நான்தான் அம்மாடி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தியமாகக் கெடுக்க நினைக்கவில்லை. எங்கள் லிஃப்ட் கம்பெனி சர்வீஸ் கார்டில் குறை ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம் போடுவோம், குறையில்லாத லிஃப்டுக்குக் கட்டம் காலியாக இருக்கும். உன் விளையாட்டை மூன்று நாள் ஆடினேன், கயிறு தேய்கிறது, கதவு இழுபடுகிறது, எல்லாம் அச்சு அசல். ஒரே ஒரு குறைதான். பெருமையோடு ஒன்று போட்டேன். ஐந்து போட்டவர்களைப் பார்த்து, என் பெண் வேலையில் ஐந்து குறையாமே, இவனுங்களுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் பொருமினேன்.

இன்று ஜெராக்ஸ் கடைக்காரம்மா நட்சத்திரத்தை மாற்றுகிற வழியைக் காட்டினார். அஞ்சைத் தொடுங்க சார், அவ்வளவுதான் என்றார். விரல் போகவில்லை. உன் விளையாட்டில் வருகிற ஆள் கீழ்த்தளத்தில் 'வேலை நடக்கிறது' போர்டை மாட்டாமலே லிஃப்டின் தலைமேல் ஏறிவிடுகிறான். அதுதான் அந்தக் குறை. ஆனால் அது நீ விட்டதில்லை. நோட்டும் கையுமாக நீ என் வேலையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டபோது போர்டை மட்டும் நான் சொல்லவில்லை, வேண்டுமென்றே விட்டேன். என்னோடு ஜோடியாக வேலை பார்த்த நெட்டை மாமா இடது கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்கமாட்டார், ஏம்ப்பா என்று சின்னதில் கேட்பாய், பிறவியிலேயே அப்படி என்பேன். பொய். அன்றைக்குப் போர்டு மாட்ட வேண்டியவன் நான், மறந்து டீ குடிக்கப் போனேன். கீழே யாரோ பட்டனை அமுக்கினார்கள், மேலே அவருக்கு மூன்று விரல் போயிற்று. ரிப்போர்ட்ல என் அஜாக்கிரதைன்னே எழுதிடு, உனக்கு இப்பத்தான் பொண்ணு பொறந்திருக்கு, வேலை போயிடக்கூடாது என்றார். அப்படியே எழுதினேன். இருபத்தாறு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவுக்கே இதைப் படம் பிடிக்கும்போதுதான் தெரியப்போகிறது.

நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன், ஐந்து போடவில்லை. போர்டை மாட்டு, போடுகிறேன். பத்தொன்பது பேரை நம்பிப் பிழைக்க முடியுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அந்தக் கவலை வேறு அரிக்கிறது. ஆனால் லிஃப்டின் தலைமேலிருந்து ஒரு மனுஷன் அலறுவதை நான் கேட்டிருக்கிறேன் கண்ணு, உன் விளையாட்டில் அதை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் கண் டாக்டரைப் பார். என்னைத் திட்டுவதாக இருந்தால் எனக்கே போன் செய், அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
இத்தனை நாள் சொல்லாமல் இருந்த
உன் அப்பா